கண்டக்டரின் போட்டோ

எங்கள் தெருவின் கடைசி வீட்டு முன்னறையில்தான் அந்த அமைப்பு நடந்தது. ஒரு மேசை, இரண்டு இரும்பு அலமாரி, மூலையில் ஒரு அடுப்பு, அதன்மேல் காலையிலும் மாலையிலும் கொதிக்கிற பெரிய அலுமினியப் பாத்திரம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சமையல் என்று மூடியைத் திறப்பார்கள். உள்ளே கத்தரிக்கோலும் இடுக்கியும் துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிவிடுவார்கள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் வேலை. காசு வாங்குவதில்லை. பதிவுச் சான்றிதழில் அமைப்புக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘சிஸ்டர் வேன்’ என்றால் ஊருக்கே தெரியும்.

சிஸ்டர் மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரே வேனையும் ஓட்டினார். அவரும் மனைவியைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், “ஊரே அப்படிக் கூப்பிடுது. நான் மட்டும் வேற மாதிரி கூப்பிட்டா, யாரையோ கூப்பிடுறேன்னு அவ பாட்டுக்குப் போயிடுவா” என்பார். மகன் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்தில் எட்டு மாதம் கடல். மருமகள் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலை செய்தாள்.

அப்போது வேனின் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்டக்டர்.

டிரைவரும் கண்டக்டரும் பத்தொன்பது வருடம் ஒரே பஸ். ஒரு மழை நாளில் படிக்கட்டில் கால் வழுக்கி விழுந்ததில் கண்டக்டருக்கு முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாலு வருடமாகப் படுக்கை. ஒரே அறை வீடு. கட்டிலின் தலைமாட்டில் மனைவியின் தையல் மெஷின். பழைய துணிகளைப் பிரித்து அளவு குறைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. மெஷின் ஓடினால் கட்டிலும் லேசாக அதிரும். “வண்டி ஓடுது, தூக்கம் நல்லா வருது” என்பார் கண்டக்டர்.

வேன் வருகிற நாளில் காலையிலேயே முகம் கழுவி, தலை வாரி, சட்டையைக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு தயாராக இருப்பார்.

“என்ன டிரைவரே, இன்னிக்கு நாலு நிமிஷம் லேட்டு.”

“தெரு முனைல பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க கண்டக்டரே.”

“பாசஞ்சர் கேக்குறது டைம். காரணம் யார் கேட்டா?”

டிரைவர் தோளைப் பிடிக்க, மனைவி இடுப்பைப் பிடிக்க, அவரை ஒருக்களித்துப் புரட்டுவார்கள். சிஸ்டர் பழைய கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரால் கழுவி, மாத்திரையைப் பொடித்துத் தூவிப் புதுத் துணி அடைப்பார். நாற்றம் வராமல் இருக்க அந்தப் பொடி. அவ்வளவு நேரமும் கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்.

“வாடை வருதா தங்கச்சி?”

“இல்லண்ணே.”

“சும்மா சொல்லாத. கீழதான் செத்துப்போச்சு, மூக்கு நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு பெருசு இப்ப?”

“சின்னதுண்ணே. ஒரு காசு அளவு. ஆறிட்டு வருது.”

நாலு வருடமும் அதே காசு அளவுதான். அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. மனைவியும் சிஸ்டர் சொன்னதையே சொல்லி வைத்திருந்தார்.

பெரிய நகரத்தில் இருந்த ஒரு அறக்கட்டளைதான் மூன்று வருடமாகப் பணம் கொடுத்துவந்தது. பணத்தோடு ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கட்டு முடிந்ததும் அதில் பதிய வேண்டும். ஆள் தேறினால் பச்சை, அப்படியே இருந்தால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. ஒருவர் இறந்துபோனால் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது காரணம் கேட்கும். அதில் இருந்தது மூன்றே காரணம்: குணமடைந்தார், வேறு இடம் சென்றார், சேவையில் ஆர்வமில்லை.

சாரத்திலிருந்து விழுந்து கிடந்த கொத்தனார் இறந்த அன்று, சிஸ்டர் அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தார்.

“வேற இடம் போனார்னு போடு. தப்பில்ல” என்றார் டிரைவர்.

மூன்றாவது வருட முடிவில் அறக்கட்டளையின் திட்ட அதிகாரி கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசினார். இளவயது, மரியாதையான பேச்சு.

“மேடம், இந்த மூணு வருஷத்துல எத்தனை பேர் குணமாயிருக்காங்க?”

“குணமாக்க நாங்க போகல சார். அவங்க நாறாம சாகறதுக்குப் போறோம்.”

அதிகாரி கொஞ்சநேரம் குனிந்து எதையோ பார்த்தார். “புரியுது மேடம். ஆனா எங்க போர்டு இந்த வருஷத்துலேருந்து போக்கையே மாத்திட்டாங்க. இனிமே டெக்னாலஜிதான். ஒரு ஆப் இருந்தா ஒரே நேரத்துல லட்சம் பேரைத் தொடலாம். அந்த மாதிரி திட்டத்துக்குத்தான் நிதி.”

“ஒரு ஆளைப் புரட்டவே மூணு பேர் வேணும் சார். லட்சம் பேரை எப்படித் தொடுவீங்க?”

“அதான் மேடம் பிரச்சனையே. உங்க வேலை நல்ல வேலை. ஆனா பெருசாகாது.”

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிறிய அமைப்புகள் பொதுமக்களிடமே இணையத்தில் நிதி திரட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு இலவச வகுப்புக்குப் பெயரைச் சேர்த்துவிட்டார். நாலு நாள் வகுப்பு. மருமகள் லீவு போட்டு மாமியாரோடு உட்கார்ந்தாள். வகுப்பு எடுத்த பெண் கலகலப்பானவள். “எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அழ மாட்டாங்க. ஒரே ஒரு முகத்தைக் காட்டுங்க, அழுவாங்க. அழுதாத்தான் பட்டனை அழுத்துவாங்க” என்றாள். சிஸ்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதலில் வேனின் போட்டோவை வைத்துத்தான் நிதி திரட்டுகிற ஒரு இணையதளத்தில் பக்கம் போட்டார்கள். இருபது நாளில் ஒன்பது பேர் கொடுத்தார்கள். அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள். ஏழாவது ஆள் கப்பலிலிருந்து மகன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. வேனின் பின் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் போன வீடுகளுக்கு வாரம் இரண்டு முறை என்று ஆயிற்று. நாலு மடிப்பாக வைக்கிற துணியைச் சிஸ்டர் இரண்டு மடிப்பாக வைத்தார். அரை மணி நேரத்தில் அது ஊறிப் போர்வைக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வீட்டில், முதுகு முழுக்கப் புண்ணான ஒரு பெண், “சிஸ்டர், என்மேல எதும் கோபமா? ஏன் இப்பல்லாம் வர மாட்டேங்கறீங்க?” என்று கேட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து சிஸ்டர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

“அத்தை, முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ போட்டாத்தான் நடக்கும்” என்றாள் மருமகள். “யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாருங்களேன். ஒத்துக்கிட்டா மட்டும்.”

சிஸ்டர் போனை எடுத்துத் தேடி நீட்டினார். மருமகள் “ஐயோ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எடுத்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்ததால் மருத்துவமனை டாக்டருக்குக் காட்டி யோசனை கேட்பதற்காகச் சிஸ்டர் எடுத்த போட்டோ. எடுக்கிற நேரம் பார்த்துக் கண்டக்டர் “முடிஞ்சுதா தங்கச்சி?” என்று கழுத்தைத் திருப்பியிருக்கிறார். சட்டை தோள் வரை சுருண்டு கிடக்க, கீழே கைமுட்டி போகிற அளவுக்குக் குழி, மேலே கேள்வி கேட்கிற முகம்.

“கண்டக்டர் மாமாதான இது? அவர் ஒத்துக்கிட்டாரா?”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே.”

அது உண்மை. வேன் பட்டியலில் இருக்கிற எல்லோரிடமும் வாங்குகிற படிவம். அறக்கட்டளை கொடுத்தது. பன்னிரண்டாவது வரியில், படங்களை அமைப்பின் பணிகளுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று இருக்கும்.

“அது இல்ல அத்தை. இந்தப் போட்டோவைக் காட்டி, நேர்ல கேட்டீங்களா?”

சிஸ்டர் எழுந்து போய் அடுப்பைச் சின்னதாக்கினார். “கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“உங்களுக்கு உபயோகப்பட்டா சரிதான்னு சொன்னார்.”

வெகுநாள் கழித்து இதைச் சிஸ்டரே என்னிடம் சொன்னார். “கேட்டா வேண்டாம்னு சொல்லுவார்னு தெரியும். அதனாலதான் கேக்கல. இதுல வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

தலைப்பு எழுத மருமகள் திணறினாள். அந்தத் தளமே மூன்று தலைப்பு எழுதிக் காட்டியது. அவள் எழுதியதைவிட இவை அதிகம் பரவும் என்று பக்கத்தில் அம்புக்குறியும் போட்டது. நடுவில் இருந்ததை அவள் தேர்ந்தெடுத்தாள்: ‘நம்மையெல்லாம் வீடு சேர்த்தவர் இன்று அழுகிக்கொண்டிருக்கிறார்.’

ஒரு வாரத்தில், இரண்டு வருடத்துக்கு வேண்டியது வந்துவிட்டது. மருமகள் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளறையிலிருந்து வந்து எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போவாள். அதில் பாதி நாங்கள் பெயரே கேட்டிராத ஊர்களிலிருந்து. வேனுக்குப் புது டயர் வந்தது. துணி மறுபடி நாலு மடிப்பாயிற்று. டிரைவர் வைத்திருந்தது பட்டன் போன். யாரோ நல்ல மனசுக்காரர்கள் கொடுக்கிறார்கள் என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

கண்டக்டர் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்த பஸ்ஸில் போனவராம். ஒரு பை நிறைய ஆப்பிள். அடுத்த நாள் ஒரு குடும்பம், பிறகு கல்லூரிப் பெண்கள் மூன்று பேர். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“பார்த்தீங்களா டிரைவரே! அந்தப் பொண்ணு சொல்லுது, ‘ஒருநாள் என்கிட்ட காசு இல்ல, நீங்க இறக்கி விடல’ன்னு. எனக்கு ஞாபகமே இல்ல. ஊரு மறக்கல பாருங்க.”

“உங்களை எப்படி மறப்பாங்க? ஸ்டாப்புல நிக்கறதுக்குள்ள விசில் அடிச்சுப் பாதிப் பேரை ஓட விட்டிருக்கீங்களே.”

“சட்டை நல்லதா நாலு எடுத்து வைன்னு சொல்லியிருக்கேன். யார் எப்ப வருவாங்கன்னு தெரியல.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிஸ்டர் குனிந்து துணியை மடித்துக்கொண்டிருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஐந்தாம் நாள் ஒரு நடுவயதுப் பெண் வந்தார். மில்லுக்குத் தினமும் அந்த பஸ்ஸில் போனவர். உள்ளே நுழையும்போதே அழுதார். “எப்படி இருந்த மனுஷன், இந்தக் கதிக்கு வந்துட்டீங்களே. பார்த்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கல.”

“என்னத்தம்மா பார்த்தீங்க?”

அவர் போனை நீட்டினார். கண்டக்டர் கையில் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கத் தெரியவில்லை, அந்தப் பெண்ணே விரலை வைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். நாலு வருடத்தில் அவர் தன் முதுகைப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் வேன் போனபோது கதவு சாத்தியிருந்தது. மனைவி வாசலில் நின்றார்.

“இன்னிக்கு வேண்டாங்கறார் சிஸ்டர்.”

“என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?” என்றார் டிரைவர்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “டிரைவரே, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“என்னது தெரியுமா?”

“அப்ப தெரியாது. சரி.” பிறகு, “தங்கச்சி, காசு அளவுன்னு சொன்னியேம்மா” என்றார் கண்டக்டர். கோபமாக அல்ல, சில்லறை குறைகிறது என்று சொல்கிற மாதிரி.

வேனில் ஏறியதும் டிரைவர் கையை நீட்டினார். சிஸ்டர் போனைக் கொடுத்தார். அவர் போட்டோவைப் பார்த்தார், தலைப்பைப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது. ஐந்துக்கும் போனார்கள். வீட்டுக்கு வந்து வேனைக் கழுவித் துடைத்து, சாவியை மேசைமேல் வைத்தார்.

“நாளைலேருந்து வேற ஆளை வச்சு ஓட்டிக்கோ. இப்பதான் பணம் இருக்கே.”

“என்னங்க, பதினோரு பேரைக் காப்பாத்தத்தான் பண்ணேன்.”

“பத்துப் பேருன்னு சொல்லு. பதினோராவது ஆளை வித்துட்ட.”

உள்ளறையிலிருந்து மருமகள் வந்து நின்றாள். “அத்தை, கேட்டுட்டேன்னு சொன்னீங்களே.”

சிஸ்டர் மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

“நான் ரெண்டு தடவை கேட்டேனே அத்தை. ரெண்டு தடவையும் சொன்னீங்களே.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்ப் பக்கத்தை எடுத்தாள். எடுத்துவிட்டு வந்து, “எடுத்தாச்சு. ஆனா எடுத்து என்ன பிரயோஜனம், ஊர்ல எல்லார் போன்லயும் இருக்கு” என்றாள்.

மறுநாளிலிருந்து வேன் ஓட்டச் சம்பளத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். சிஸ்டர் கண்டக்டர் வீட்டு வாசலுக்கு நாலு முறை போனார். ஒருமுறை மழையில் குடையோடு அரை மணி நேரம் நின்றார். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

அந்த வாரக் கடைசியில் கண்டக்டரின் மனைவியே மதிய வெயிலில் நடந்து எங்கள் தெருவுக்கு வந்தார்.

“அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர். நான் பண்ணிக்கறேன், எனக்குக் கத்துக்குடுங்க.”

சிஸ்டர் ஒரு தலையணையைக் கிழித்துக் குழி பண்ணி அதில் கற்றுக்கொடுத்தார். தையல்காரக் கை, இடுக்கியைப் பிடித்த மாதிரியே தெரியவில்லை, ஊசியைப் பிடித்த மாதிரி இருந்தது. துணியை மூலை மூலையாக அழகாக அடைத்தார்.

“இது போதுமா?”

“கழுவறதும் கட்டறதும் இது போதும் அண்ணி. ஆனா உள்ள செத்த சதை சேரும். அதை வெட்டி எடுக்கணும். அதை உங்களால பண்ண முடியாது.”

“வெட்டலேன்னா?”

சிஸ்டர் தலையணையைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். “நான் வந்துதான் ஆகணும். இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

டிரைவரை மட்டும் கண்டக்டர் உள்ளே விட்டார். தினமும் சாயங்காலம் துணியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, புரட்டவும் ஒரு கை பிடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

“அவளை விடுங்க கண்டக்டரே. அவ செஞ்சது தப்புதான், நானே அவகிட்ட பேசறதில்ல. ஆஸ்பத்திரிக்காவது வாங்க. நான் தூக்கிட்டுப் போறேன்.”

“அங்கயும் எல்லார் கைலயும் போன்தான டிரைவரே இருக்கும்.”

“ஜுரம் அடிக்குதே உங்களுக்கு.”

“பத்தொன்பது வருஷம் பஸ்ல நின்னேன். சட்டைல ஒரு கறை பார்த்திருப்பாங்களா எவனாவது? இப்ப ஊருக்கே என் பின்பக்கம் தெரியும். ஆப்பிள் கொண்டு வந்தவனெல்லாம் அதைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கான். நான் என்னமோ… எல்லாரும் என்னை ஞாபகம் வச்சிருக்காங்கன்னு…” முடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “தங்கச்சிகிட்ட பேசாம இருக்காதீங்க. அது வேற இது வேற” என்றார்.

அதை டிரைவர் வீட்டில் வந்து சொல்லவில்லை.

கதவு சாத்தின இருபத்திரண்டாம் நாள், மழை விட்ட ஒரு பிற்பகல், கண்டக்டர் இறந்துபோனார். மனைவி போன் செய்தது சிஸ்டருக்கு. “வாங்க. இப்ப வரலாம்” என்றார்.

சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு போனார். டிரைவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். புண் வடிந்து கட்டில் நனைந்திருந்தது, அப்படியே உடுத்தினால் துணியெல்லாம் கறையாகிவிடும். டிரைவர் தோளைப் பிடித்தார், மனைவி இடுப்பைப் பிடித்தார். சிஸ்டர் செத்த சதையை முழுக்க வெட்டி எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவி, உயிரோடு இருப்பவருக்குச் செய்கிற மாதிரியே பொடி தூவி, துணி அடைத்து, பிளாஸ்திரி ஒட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கண்டக்டரின் மனைவிதான் தையல் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு சிஸ்டர்?” என்றார் அவர். “வேண்டாம்னு சொல்லியிருப்பாரு. நாலு நாள் கழிச்சு, முகத்தை மட்டும் வேணா போட்டுக்கோன்னு சொல்லியிருப்பாரு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு.”

இரண்டு வாரம் கழித்துத் திட்ட அதிகாரி மறுபடி கம்ப்யூட்டரில் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“மேடம், உங்க பக்கம் ஓடின ஓட்டத்தைப் பார்த்து எங்க போர்டே அசந்து போச்சு. சின்ன அமைப்புகளுக்கு இதையே ஒரு மாடலா காட்டலாம்னு பேசறாங்க. எங்க வருஷாந்திரக் கூட்டத்துல நீங்க வந்து பேசணும். அந்தக் கண்டக்டர் கதையை. அறிக்கையோட அட்டைலயும் அவர் படம்தான். புது நிதியும் உண்டு.”

“அவர் இறந்துட்டார் சார்.”

“ஓ… மன்னிச்சுக்கோங்க மேடம்.” கொஞ்சம் பொறுத்து, “அது கதையை இன்னும் அழுத்தமாத்தான் ஆக்கும்” என்றார்.

“அவரைக் கேக்காம நான் போட்ட போட்டோ சார் அது. அதைப் பார்த்துட்டுத்தான் என்னை உள்ள விடல. விடாததுனாலதான் செத்தார். வந்து இதைப் பேசலாமா?”

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். “படிவத்துல கையெழுத்து இருக்குல்ல மேடம்? அப்புறம் ஏன் அப்படிச் சொல்றீங்க? அதை அப்படிச் சொல்லத் தேவையே இல்ல.”

அந்த வாரம் சிஸ்டர் உட்கார்ந்து, பணம் கொடுத்த எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். நடந்தது நடந்தபடி. வேண்டுகிறவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று. மருமகள் அதைத் தட்டச்சு செய்து, ஒரு வார்த்தை மாற்றாமல் அனுப்பினாள். திட்டி எழுதினவர்கள் நிறையப் பேர். பாதிக்குமேல் பணம் திரும்பிப் போயிற்று. சிலர் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். அறக்கட்டளையிலிருந்து பிறகு அழைப்பு வரவில்லை. திருப்பிக் கொடுக்கக் குறைந்த பணத்துக்கு வேனை விற்றார்கள். தூரத்து வீடுகள் ஆறும் நின்றுபோயின. அந்த முதுகு முழுக்கப் புண்ணான பெண்ணும் அந்த ஆறில் ஒருத்தி. அவளிடம் சொல்லிக்கொள்ளப் போன அன்று சிஸ்டர் திரும்பி வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை டிரைவர் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கத்தரிக்கோலையும் இடுக்கியையும் போட்டார். ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். சிஸ்டர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். இரண்டு பேரும் நடந்தே போனார்கள். அதற்குப் பிறகும் தேவைக்குமேல் டிரைவர் சிஸ்டரிடம் பேசினதில்லை.

நடக்கிற தூரத்தில் ஒருநாள் புதிதாக ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பூட்டிக் கிடந்த மோட்டார் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு அறை. பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர், அவர் மனைவி. அந்தப் பெண் கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார். இவர்கள் நுழைந்ததுமே கணவரின் போர்வையை முழுக்க உருவிவிட்டு, அவரைச் சிரமப்பட்டு ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்.

“வெளிச்சம் போதுமா சிஸ்டர்? புண்ணும் தெரியணும், முகமும் தெரியணும்னு ஊர்ல சொன்னாங்க. எந்தப் பக்கம் திருப்பட்டும்?”

“போட்டோ எடுக்க வரலம்மா.”

“இல்ல, எடுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். எங்க வேணாலும் போடுங்க. கையெழுத்துகூடப் போட்டுத் தர்றேன்.”

“நாங்க இப்ப அதெல்லாம் பண்றதில்லம்மா.”

“அந்தக் கண்டக்டருக்கு எடுத்தீங்களே. அவருக்கு அவ்வளவு பணம் வந்துச்சே. எங்களுக்கு மட்டும் ஏன் எடுக்க மாட்டீங்க?” அவர் குரல் உடைந்தது. “நாலு மாசமா கடை திறக்கல சிஸ்டர்.”

சிஸ்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் போய்க் கதவைச் சாத்தினார்.

சிஸ்டர் போர்வையை எடுத்து அந்தப் பெரியவரின் இடுப்புவரை மூடினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“ஐயா, புண்ணைப் பார்க்கலாமா?”

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் தலை கொஞ்சமாக அசைந்தது.

சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். டிரைவர் தோளைப் பிடித்தார். அந்தப் பெண் கணவரைப் பிடித்த கையை விடாமல், சன்னலைப் பார்த்துக்கொண்டு, “அவ்வளவு பணம் வந்துச்சே” என்று இன்னொரு தடவை சொன்னார்.